மார்பக அறுவைக்குப் பிறகு செயற்கை மார்பகம்: சுங்கை சிப்புட் தையல்காரி ஒருத்தி எழுதும் முழு வழிகாட்டி

என் தையல் கடையில் அளவு எடுக்கிற இடத்தை ஒரு பழைய சேலையால் மறைத்து வைத்திருக்கிறேன். அந்தத் திரைக்குப் பின்னால் வந்ததும் சிலர் கையை மார்புக்குக் குறுக்கே வைத்துக்கொள்வார்கள். "அக்கா, ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் பஞ்சு வச்சுத் தச்சுக் குடுக்க முடியுமா?" என்பார்கள், கதவைப் பார்த்தபடி. அதற்கு மேல் அவர்கள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. எனக்கும் இடது பக்கம் இல்லை. ஏழு வருடம் ஆகிறது.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டைச் சுற்றி இருக்கிற தோட்டங்களிலிருந்து இப்படி வருகிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் நான் வாயால் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. காயம், மருந்து, சிகிச்சை எல்லாம் உங்கள் மருத்துவர் சொல்வதுதான். எந்தச் சாமானை எப்போது வாங்குவது, எப்படி அளவு பார்ப்பது, துணியை எப்படி மாற்றித் தைப்பது, பணத்துக்கு யாரைக் கேட்பது, இதெல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டது.

முதலிலேயே ஒன்று. செயற்கை மார்பகம் எல்லோரும் வைத்தே ஆக வேண்டியதில்லை. வைக்காமலே தட்டையாக இருந்துகொண்டு நிம்மதியாக வேலைக்குப் போகிறவர்களை எனக்குத் தெரியும். உடலிலிருந்தே தசையை எடுத்தோ, உள்ளே சிலிக்கான் வைத்தோ மார்பகத்தை மறுபடி உருவாக்கும் அறுவையும் உண்டு. அதை அன்றைக்கே செய்யலாம், வருடங்கள் கழித்தும் செய்யலாம். இந்தக் கட்டுரை வெளியே வைத்துக்கொள்ளும் சாமானைப் பற்றி மட்டும்.

அறுவைக்கு முன்பே செய்ய வேண்டியவை

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அறுவை பெரும்பாலும் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில்தான். அரசாங்க கிளினிக்கிலிருந்து கடிதத்தோடு போனால் நிபுணரைப் பார்க்கக் கட்டணம் மிகக் குறைவு. அந்த நாளில் பதற்றத்தில் ஒன்றும் கேட்கத் தோன்றாது. அதனால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மார்பகம் முழுவதும் எடுக்கப் போகிறார்களா, கட்டியும் அதைச் சுற்றிய பகுதியும் மட்டுமா? அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுப்பார்களா? அறுவைக்குப் பிறகு கதிர்வீச்சு உண்டா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால்தான் எந்த மாதிரிச் சாமான், எப்போது வாங்கலாம் என்பதே தெரியும். மலாயோ ஆங்கிலமோ தடுமாறும் என்றால் மகளையோ தங்கச்சியையோ கூட்டிப் போங்கள். மருத்துவரிடம் நேரம் கிடைக்கவில்லையா, மார்பகச் சிகிச்சைப் பிரிவு மிஸ்ஸியை (தாதியை) கேளுங்கள். அவர்கள் பொறுமையாகச் சொல்வார்கள்.

வீட்டில் இரண்டு வேலை. ஒன்று, உங்களுக்கு இப்போது சரியாகப் பொருந்துகிற உள்பாடியின் அளவை எழுதி வையுங்கள். சிகிச்சையின்போது எடை மாறும் என்றாலும் ஆரம்பத்துக்கு அது உதவும். இரண்டு, முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி மூன்று. அறுவைக்குப் பிறகு கையைத் தலைக்கு மேல் தூக்கி எதையும் மாட்ட முடியாது. காயத்திலிருந்து நீர் வடிய ஒரு டியூபும் பாட்டிலும் தொங்கும். நைட்டியின் உள்பக்கம் இடுப்புக்கு மேலே ஒரு சாண் அகலப் பை தைத்து வைத்தால் பாட்டிலை அதில் போட்டுக்கொள்ளலாம். நான் இதைச் செய்யாமல் போய், பாட்டிலை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வார்டு முழுக்க நடந்தேன். தையல்காரிக்கு வந்த நிலைமை.

முதல் ஆறு வாரம்: லேசானது மட்டும்

காயம் ஆறும் வரை சிலிக்கான் வேண்டாம். எடையும் உரசலும் தையல் போட்ட இடத்துக்கு ஆகாது. டியூப் எடுத்த பிறகு அந்த இடத்தில் நீர் தேங்கி மெத்தென்று வீங்கலாம். அது அடிக்கடி நடப்பதுதான். தானே வற்றும், இல்லையென்றால் ஊசி வைத்து எடுத்துவிடுவார்கள். நீங்களாக அழுத்திப் பார்க்கவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். சிவந்து, சூடாகி, காய்ச்சல் வந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் அன்றைக்கே போய்விடுங்கள்.

இந்தக் காலத்துக்கு ஒரு பஞ்சுத் திண்டு போதும். மருத்துவமனையிலோ மார்பகப் புற்றுநோய்ச் சங்கத்திலோ கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்காவிட்டால் வீட்டிலேயே செய்யலாம். நைந்த பருத்தி பனியனில் பாவாடை நாடா நுழைக்கிற மாதிரி ஓரம் விட்டு வட்டமாக வெட்டி, உள்ளே தலையணைக்கு அடைக்கிற பாலியெஸ்டர் பஞ்சை வைத்துச் சுருக்கிக் கட்டினால் ஆயிற்று. சுருக்கு முனை முன்னால், உள்பாடிப் பக்கம் இருக்கட்டும். சமமான பக்கம்தான் உடம்பில் படவேண்டும். தளர்வான பாடியிலோ கையில்லாத பருத்தி பனியனிலோ செருகிக்கொண்டு வெளியே போய் வரலாம்.

ஒரு சிக்கல் உண்டு. லேசான திண்டு மேலே ஏறிக்கொண்டே போகும். கோயிலில் தீபாராதனை முடிவதற்குள் கழுத்துப் பக்கம் வந்து நிற்கும். இதற்காகச் சிலர் உள்ளே தானியம் வைப்பார்கள். காயம் நன்றாக ஆறிய பிறகு நானும் பச்சைப்பயறு வைத்துத் தைத்துப் பார்த்தேன். எடை நன்றாகத்தான் இருந்தது. நம் ஊர் வியர்வைக்கும் மழைக்கும் மூன்றாவது வாரம் வண்டு வந்துவிட்டது. எடை வேண்டும் என்றால் கழுவக்கூடிய கண்ணாடி மணிகளைச் சின்னப் பையில் இறுக்கித் தைத்துப் பஞ்சின் அடிப்பகுதியில் வையுங்கள். தூண்டிலுக்குப் போடுகிற ஈயக் குண்டு வேண்டவே வேண்டாம், ஈயம் விஷம்.

கைப் பயிற்சியை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். பிசியோதெரபிஸ்ட் என்றைக்கு ஆரம்பிக்கச் சொல்கிறாரோ அன்றைக்கே. சுவர் ஓரம் நின்று விரல்களை எறும்பு ஏறுகிற மாதிரி மேலே மேலே நகர்த்துவது அதில் ஒன்று. நான் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு, ஒவ்வொரு நாளும் எவ்வளவு மேலே போனேன் என்று குறித்தேன். மேல்கையின் உள்பக்கமும் அக்குளும் மரத்துப் போன மாதிரி இருக்கும். முடிச்சு எடுக்கும்போது அங்கே ஓடும் உணர்ச்சி நரம்பு பாதிக்கப்படுவதால் அப்படி. சிலருக்குப் போகும், சிலருக்கு நிற்கும்.

சிலிக்கான் எப்போது, எது

பொதுவாக அறுவை முடிந்து 6 முதல் 8 வாரம், காயம் மூடி வீக்கம் வற்றிய பிறகு. கதிர்வீச்சு இருந்தால் அது முடிந்து தோல் எரிச்சல் அடங்கும் வரை பொறுங்கள். நாள் குறிப்பது உங்கள் மருத்துவரின் வேலை. "இனி போட்டுக்கொள்ளலாமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

அவசரப்பட்டு வாங்கிப் பணத்தை விட்டவர்கள் நிறைய. ஒரு தங்கச்சிக்கு அவள் அண்ணன் பாசத்தோடு இணையத்தில் ஒன்று வாங்கி அனுப்பினார். வந்தது வலது பக்கத்துச் சாமான். அவளுக்கு அறுவை இடது பக்கம். அக்குள் பக்கம் நீள வேண்டிய வால் நெஞ்சுக்கு நடுவில் நீண்டது. உடம்பில் படுகிற பொருள் என்று சொல்லிக் கடைக்காரர் திரும்ப வாங்கவில்லை. ஆகவே வகைகளைத் தெரிந்துகொண்டு போங்கள்.

முக்கோண வடிவம் இரு பக்கத்துக்கும் பொருந்தும், முதல் முறை வாங்குகிறவர்களுக்கு இதுவே பத்திரம். கண்ணீர்த்துளி வடிவம் மேல்பகுதியில் சதை குறைவாக எடுத்தவர்களுக்கு. இடது, வலது என்று தனித்தனியாக வருவது அக்குள் வரை எடுத்தவர்களுக்கு, அந்தக் குழியை நிரப்ப ஒரு நீட்சி இருக்கும். மார்பகத்தின் ஒரு பகுதியை மட்டும் எடுத்தவர்களுக்குக் கிண்ணம் போல மெல்லிய ஓடு கிடைக்கும், இருப்பதன் மேல் வைத்துச் சமன் செய்ய. இவை எல்லாவற்றிலும் சாதா எடையும் உண்டு, லேசான எடையும் உண்டு.

தோலில் ஒட்டிக்கொள்ளும் வகை ஒன்று இருக்கிறது. குளிரூட்டிய அலுவலகத்தில் இருப்பவர்களுக்குச் சரி. காலை ஐந்தரைக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் (ரப்பர்) சீவப் போகிறவர்களுக்கு வியர்வையில் நிற்காது என்பது என் அபிப்பிராயம். கதிர்வீச்சுக் காலத்திலும், தோல் புண்ணாக இருக்கும்போதும் அதை ஒட்டவே கூடாது.

எடையைப் பற்றிக் கொஞ்சம். சிலர் "லேசா இருந்தா நல்லது" என்று கேட்கிறார்கள். மார்பு சின்னதாக இருப்பவர்களுக்குப் பரவாயில்லை. பெரிய மார்பு உள்ளவர்களுக்கு ஒரு பக்கம் கனமும் மறுபக்கம் வெறுமையுமாக இருந்தால் தோள் இழுக்கும், பாடி ஒரு பக்கமாக ஏறிக்கொள்ளும். மறுபக்கம் என்ன எடை என்று தெரிய ஒரு வழி. ஒரு கிண்ணத்தை விளிம்பு வரை தண்ணீரால் நிரப்பி, ஒரு பெரிய தட்டின் மேல் வையுங்கள். குனிந்து மார்பைத் தண்ணீரில் அமிழ்த்தினால் வழிந்த நீரின் அளவு மில்லிலிட்டரில் எவ்வளவோ, ஏறக்குறைய அத்தனை கிராம். 450 மில்லி வழிந்தால் 450 கிராம் பக்கம் தேடலாம். சிரிப்பு வரும், செய்து பாருங்கள்.

அளவு பார்க்கும் நாள்

இறுக்கமான ஒரு டி-சட்டை, மெல்லிய துணியில் ஒரு ரவிக்கை, இப்போது போடுகிற பாடி, இந்த மூன்றையும் எடுத்துப் போங்கள். கூட ஒரு பெண் வரட்டும்.

முதலில் பாடி, அப்புறம்தான் சாமான். பாடி சரியில்லை என்றால் ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) சாமானும் உட்காராது. கிண்ணம் முழு மார்பையும் மூட வேண்டும், தோள்பட்டி அகலமாக இருக்க வேண்டும், அக்குளுக்குக் கீழே பக்கவாட்டுப் பட்டையும் அகலம். உள்ளே கம்பி வேண்டாம், தழும்பில் குத்தும். புதிதாக வாங்கும்போது கடைசிக் கொக்கியில், அதாவது மிகத் தளர்வான கொக்கியில், பொருந்த வேண்டும். துவைத்துத் துவைத்துத் தளர்ந்த பிறகு உள்கொக்கிக்குப் போகலாம். இருக்கிற மார்பு கிண்ணத்தில் பிதுங்காமல் நிரம்புகிறதா என்று பார்த்துவிட்டு மறுபக்கம் சாமானை வையுங்கள்.

கண்ணாடி முன்னால் நேராக, பக்கவாட்டில், பிறகு மேலிருந்து கீழே குனிந்து பாருங்கள். நெஞ்சு நடுவில் பாடி தோலை விட்டுத் தூக்கி நின்றால் சாமான் பெரியது. கிண்ணத்தின் மேல் துணி சுருங்கினால் சிறியது. கையைத் தூக்கி இறக்குங்கள், மேலே ஏறினால் அதே இடத்துக்குத் திரும்புகிறதா? கடைசியாக, தரையில் விழுந்த செம்பனைப் பழத்தைப் பொறுக்குகிற மாதிரி முழுதாகக் குனியுங்கள். கடையில் இருப்பவர் என்ன நினைப்பாரோ என்று வெட்கப்படாதீர்கள். நாளைக்கு ஒருநாளில் நூறு தடவை குனியப் போவது நீங்கள்தான். அளவு எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒன்றில் 6 என்றால் இன்னொன்றிலும் 6 என்று எடுக்காதீர்கள்.

பாடியில் பை தைப்பது

பை வைத்துத் தைத்த பாடி கடைகளில் கிடைக்கிறது, விலை அதிகம், எங்கள் ஊரில் கிடைப்பதும் இல்லை. நம்மிடம் இருப்பதையே மாற்றிக்கொள்ளலாம். இதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பை இல்லாமல் சிலிக்கானைப் பாடிக்குள் சும்மா செருகிக்கொண்டு உதிரிப் பழம் பொறுக்கப் போன ஒரு அக்காவுக்கு அது நழுவி மட்டைக் குவியலில் விழுந்தது. அவர் அதை இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறார். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

துணி: பல தடவை துவைத்து மெத்தென்றான வெள்ளை பருத்தி டி-சட்டை. நைலான், பாலியெஸ்டர் வேண்டாம், வேர்க்குரு வரும்.

பாடியை உள்பக்கம் திருப்பி மேசையில் பரப்புங்கள். கிண்ணத்தின் குழிக்குள் துணியை அழுத்தி வெட்டுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. துணி குழிக்குள் போகக் கூடாது. ஒரு சட்டியின் வாயைத் துணியால் மூடுகிற மாதிரி, கிண்ணத்தின் வாய்க்கு மேல் சமமாகக் கிடக்க வேண்டும். அப்போதுதான் சாமான் கிண்ணத்துக்குள்ளும், துணி உங்கள் நெஞ்சின் மேலும் இருக்கும். சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் தளர்வும், மடிக்க இன்னொரு சென்டிமீட்டரும் விட்டு வெட்டுங்கள். ரொம்ப இறுக்கினால் சாமான் தட்டையாகும், தொளதொள என்று விட்டால் கீழே தொங்கும்.

அக்குள் பக்கம் நான்கு அங்குலம் திறந்து விட வேண்டும், சாமான் உள்ளே போக. அந்த ஓரத்தை மட்டும் முதலில் மடித்துத் தைத்துக்கொள்ளுங்கள். பிறகு நடுப்பக்கம், கீழ்ப்பட்டை, மேல்விளிம்பு மூன்றையும் பாடியில் ஏற்கனவே இருக்கிற தையல் கோட்டின் மேலேயே பிடியுங்கள். மடிப்பு ஓரம் கிண்ணத்தைப் பார்த்து இருக்கட்டும், தோலைப் பார்த்து இருந்தால் தழும்பை அறுக்கும். மெஷினில் வளைந்து வளைந்து போகும் ஜிக்ஜாக் தையல் போடுங்கள். நேர்த்தையல் போட்டால் பாடி இழுபடும்போது நூல் தெறித்துவிடும். கையால் தைப்பவர்கள் நூலை இறுக்காமல் போடுங்கள். முடிச்சும் கிண்ணத்தின் பக்கம்.

தைத்து முடித்து, குண்டூசி எல்லாவற்றையும் எண்ணி எடுத்த பிறகே சாமானை உள்ளே வைக்க வேண்டும். நான் எண்ணுவேன், வாய்விட்டே. பத்து குத்தினேன் என்றால் பத்து கையில் வந்தாக வேண்டும். ஒரே ஒரு ஊசி சிலிக்கானை ஓட்டையாக்கிவிடும்.

ரவிக்கைக்கும் சில மாற்றம் உண்டு. முன்கழுத்தை ஒரு அங்குலம் ஏற்றுங்கள், பின்கழுத்தை ஆசைப்பட்ட அளவு இறக்கிக்கொள்ளுங்கள். கொக்கி முன்பக்கம்தான், முதல் சில மாதம் கை முதுகுக்குப் போகாது. தோளில் உள்பக்கம் ஒரு சின்னப் பட்டை வைத்து பிரஸ் பட்டன் அடித்தால் பாடியின் பட்டி நழுவாது. அக்குள் முடிச்சு எடுத்தவர்களுக்குக் கைக்குழிக்கு முன்னால் ஒரு பள்ளம் விழுந்து ரவிக்கை அங்கே சுருங்கும். அந்த இடத்துக்கு உள்பக்கம் ஒரு பிறை வடிவப் பஞ்சு மெத்தை தைத்துவிட்டால் பட்டுச் சேலைக்கும் தெரியாது. ஈப்போ லிட்டில் இந்தியாவில் துணி எடுக்கும்போது லைனிங்கைப் பருத்தியாகக் கேளுங்கள்.

பணத்துக்கு எங்கே கேட்பது

சிலிக்கான் சாமான் சில நூறு வெள்ளியில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும். கடைக்குப் போகும் முன் இரண்டு இடத்தில் கேளுங்கள்.

முதலாவது, பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் மலேசிய மார்பகப் புற்றுநோய் நலச் சங்கம். 1986இல் தொடங்கியது. நோயைக் கடந்து வந்த பெண்களே தொண்டர்களாக இருக்கிறார்கள். செயற்கை மார்பகம், பாடி, ஆலோசனை மூன்றும் அவர்கள் வேலை. கோலாலம்பூரில் இருக்கிற தேசியப் புற்றுநோய்ச் சங்கமும் நோயாளிகளுக்கான ஆதரவு சேவைகளை நடத்துகிறது. கிளம்பும் முன் போன் செய்து, என்ன அளவு கையிருப்பில் இருக்கிறது, அளவு பார்க்க எந்த நாள் வரலாம் என்று கேட்டுவிடுங்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து ரயில் இருக்கிறது என்றாலும் ஒரு நாள் சம்பளம் போகிற பயணம் அது.

இரண்டாவது, மருத்துவமனையிலேயே இருக்கும் சமூகப் பணிப் பிரிவு. மலாயில் கெர்ஜா சோசியல் பெருபாத்தான் என்று பலகை இருக்கும். அறுவை செய்த மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கி, அடையாள அட்டை, குடும்பத்தார் சம்பளச் சீட்டு, கரண்டு பில், தண்ணீர் பில் எல்லாவற்றின் நகலோடு போங்கள். மருத்துவ உதவி நிதி, சமூக நல இலாகாவின் செயற்கை உறுப்பு உதவி, மாக்னா எனப்படும் தேசியப் புற்றுநோய் மன்றத்தின் உதவித்தொகை, எது உங்களுக்குப் பொருந்தும் என்று பார்த்து எழுதித் தருவது அவர்கள் வேலை. பிச்சை கேட்கிற மாதிரி ஓரமாக நிற்க வேண்டாம், அதற்காகத்தான் அந்த மேசையே போட்டிருக்கிறார்கள்.

40 வயதைத் தாண்டி எஸ்.டி.ஆர். எனும் அரசாங்க ரொக்க உதவி பெறுகிறவர் என்றால், குறைந்த வருமானக்காரர்களுக்கான பெகா பி40 சுகாதாரத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையை முடிப்பதற்கென்று 1,000 வெள்ளி ஊக்கத்தொகை இருக்கிறது, சிகிச்சை தொடங்கும்போது 300, முடிந்ததும் 700. விண்ணப்பம் அரசாங்க மருத்துவமனை வழியாகப் போகும், அதனால் சிகிச்சை முடிவதற்கு முன்பே கேளுங்கள். இ.பி.எஃப். (தொழிலாளர் சேமநிதி) பணத்தில் கடும் நோய்ச் செலவுக்கென்று எடுக்க வழி உண்டு. சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) சந்தா கட்டி வந்தவர்கள் வேலைக்குத் திரும்பும் திட்டத்தைப் பற்றியும், செயற்கை உறுப்பு வசதியைப் பற்றியும் மருத்துவ அறிக்கையோடு அலுவலகத்தில் கேளுங்கள். ரசீதுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். எனக்கு ஒரு விண்ணப்பம் மூன்று மாதம் ஒரு அலுவலகத்தில் கிடந்தது, கேட்டால் ரசீது இல்லை என்றார்கள். நகல் என் டின்னில் இருந்ததால் பிழைத்தேன்.

வேலைக்குத் திரும்பும்போது

வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு வருடத்துக்கு 14 நாள், இரண்டு வருடம் வேலை செய்தவர்களுக்கு 18, ஐந்து வருடம் ஆனவர்களுக்கு 22. மருத்துவமனையில் சேர்ந்தால் 60 நாள் வரை தனி. 2023 ஜனவரி முதல் இந்த 60 நாளில் சாதா விடுப்பைக் கழிக்கக் கூடாது. தோட்ட நிர்வாகத்தில் கணக்கு இடித்தால் தோட்டத் தொழிலாளர் சங்கப் பிரதிநிதியைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அக்குள் முடிச்சு எடுத்தவர்களுக்குக் கைவீக்கம் ஒரு வாழ்நாள் கவனம். நிணநீர் வடியும் வழி குறைந்துவிட்டதால் அந்தக் கையில் சின்னக் காயமும் பெரிதாகலாம். செம்பனை முள், சீவுளி வெட்டு, கொசுக்கடியைச் சொறிந்த புண், எதையும் சும்மா விடாதீர்கள். கையுறை போடுங்கள், வெட்டுப்பட்டால் சோப்பால் கழுவி மருந்து போடுங்கள். கை சிவந்து சூடாகி நடுக்கம் வந்தால் உடனே மருத்துவமனை. மோதிரம் இறுகுகிறதா, வளையல் ஏறவில்லையா, இதுவே முதல் அறிகுறி. மெல்லிய தோள்பட்டி தோளை அறுத்துத் தடம் பதிக்கிறது என்றால் பாடியை மாற்றுங்கள். தைப்பூசத்தில் பால்குடம் எடுக்க வேண்டுதல் இருந்தால் எடையையும் நேரத்தையும் பிசியோவிடம் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் இரண்டாம் வருடம் சின்னச் செம்பில் எடுத்தேன், முருகன் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு சாமான் வைத்துக்கொள்வது என் பழக்கம். வேலைக்குப் பஞ்சோ பருத்தி நூலில் கையால் பின்னியதோ, கல்யாணம் காட்சிக்குச் சிலிக்கான். வெயிலில் சிலிக்கானுக்கு அடியில் வியர்வை தேங்கும், மத்தியானம் ஒரு தடவை எடுத்துத் துடைக்க இடம் வேண்டும். தோட்டத்தில் அதற்கு இடமேது.

பராமரிப்பு

தினமும் இரவில் வெதுவெதுப்பான தண்ணீரில் லேசான சோப்புப் போட்டுக் கையால் கழுவி, துண்டால் ஒற்றி, வந்த பெட்டியிலேயே வையுங்கள். பிழியக் கூடாது, வெயிலில் போடக் கூடாது, காருக்குள் விட்டுப் போகக் கூடாது. சேலைக்கு ஊசி குத்தும்போது மறுபக்கத் தோளில் குத்துங்கள். பூனை வளர்ப்பவர்கள் பூனை நகத்தை நினைவில் வையுங்கள். ஓட்டை விழுந்தால் பிளாஸ்டர் ஒட்டி அன்றைக்கு ஒப்பேற்றலாம், அவ்வளவுதான். இரண்டு வருடம் போல உழைக்கும், பத்திரமாகப் பார்த்தால் அதற்கு மேலும். எடை ஐந்து கிலோ கூடினாலோ குறைந்தாலோ மறுபடி அளவு பாருங்கள்.

பேசுவதற்கு ஆள்

சாமான் எல்லாம் கிடைத்த பிறகும் எனக்கு ஆறு மாதம் குளியலறைக் கண்ணாடி ஆகவில்லை. துண்டால் மூடி வைத்திருந்தேன். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், பேச்சு குறைவு. ஒருநாள் அவரே ஒன்றும் சொல்லாமல் அந்தத் துண்டை எடுத்துக் கொடியில் போட்டார். அதற்குப் பிறகு நான் மூடவில்லை. உங்கள் வீட்டில் அப்படி நடக்காமலும் போகலாம். அதனால் ஏற்கனவே இந்த வழியில் நடந்த ஒரு பெண்ணிடம் பேசுங்கள். சங்கத்தில் கேட்டால் இணைத்து விடுவார்கள். தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, இரண்டு வாரத்துக்கு மேல் ஒன்றிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அரசாங்க கிளினிக்கில் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555.

உறவுக்காரர்கள் கேட்பார்கள். "எந்தப் பக்கம் எடுத்தாங்க?" என்று பந்தியிலேயே கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. "சாப்பிடுங்க, சாம்பார் ஆறுது" என்பேன் நான்.

இருக்கிற மார்பகத்துக்கு வருடம் ஒரு தடவை மேமோகிராம் எடுக்கச் சொல்வார்கள். நான் அந்தத் தேதியை மெஷினுக்கு மேலே தொங்குகிற காலண்டரில் சிவப்பு நூலால் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். அதே நாளில் பாடியின் பையையும் பிரித்துப் புதுத் துணி மாற்றிவிடுவேன், ஒரு வருடத்தில் அது நைந்துவிடும்.